மகள் தத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள்: செவ்வாய்ப்பேட்டை அப்பா ஒருவருக்குப் பதில்

"தத்துவம் படித்தால் சோறு போடுமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள், அண்ணா. நேராகவே சொல்லிவிடுகிறேன். பி.ஏ. தத்துவம் முடித்த கையோடு வேலை தேடி நின்றால் சிரமம்தான். "தத்துவப் பட்டதாரி தேவை" என்று பேப்பரில் விளம்பரம் வராது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகளும் இந்த வகுப்பைத் தேடி வருவதில்லை. நம் மாநிலப் பள்ளிகளில் தத்துவம் ஒரு பாடமாகவும் இல்லை. அதனால் பி.எட். முடித்து டீச்சராகிவிடலாம் என்ற கணக்கும் சரிவராது. இதையெல்லாம் மறைத்துவிட்டு நான் ஆலோசனை சொன்னால் அது நியாயமாக இருக்காது.

ஆனாலும் பாப்பாவை அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஓர் ஏற்பாட்டோடு அனுப்புங்கள். அது என்ன ஏற்பாடு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அண்ணியின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "இதைப் படித்தால் கல்யாணம் காட்சி வேண்டாமென்று சாமியாராகிவிடுவாளோ" என்று கேட்டாராமே.

அந்தக் கவலை வேண்டாம். கல்லூரியில் தத்துவம் என்பது தர்க்கம், அறவியல், அறிவு நமக்கு எப்படிக் கிடைக்கிறது, நீதி என்றால் என்ன, அரசுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது போன்ற பாடங்கள். சாங்கியம், சைவ சித்தாந்தம் போன்ற நம் நாட்டுத் தத்துவப் பிரிவுகள் வரும். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளாத சார்வாகமும் வரும். பிளேட்டோ, காண்ட் போன்ற மேற்கத்தியத் தத்துவ அறிஞர்களும் வருவார்கள். இவர்களில் யாரையும் நம்பச் சொல்லிப் பாடம் நடப்பதில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார், அவர் காட்டும் காரணம் நிற்குமா என்று கேட்கத்தான் பழக்குகிறார்கள். உருக்க வந்த வெள்ளியை டச் (அதன் சுத்தம்) பார்க்காமல் நீங்கள் எடைத்தட்டில் வைக்க மாட்டீர்கள் அல்லவா? பாப்பா அதே வேலையைக் கருத்துகளுக்குச் செய்யக் கற்றுக்கொள்வாள்.

நம் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள், காது கொடுத்துக் கேட்கிறாள், ஏற்க முடியாததை விட்டு நகர்கிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும்போது காட்டும் உதாரணம் ஒரு மலை. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்த்திருக்கிறோமே, அதுபோல. இதோடு அவர் நிறுத்தவில்லை. இப்படி வாதிடும்போது எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்றும் நீளமாகச் சொல்கிறார். அதில் ஒன்று, ஆவியோ பனியோ என்ற சந்தேகம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவது.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்கழி விடியலில் அஸ்தம்பட்டிப் பக்கமிருந்து பார்த்தால் சேர்வராயன் மலைமேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். அது பனி. அதே மலையில் பங்குனி வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தால் காட்டுத் தீயாக இருக்கலாம். தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓரிடத்திலிருந்து மட்டும் எழுகிறதா, வெயில் ஏறினதும் கலைகிறதா, என்ன மாதம் இது என்று நாலு விஷயம் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். இன்றைக்கு நம் போனுக்கு வருகிற வீடியோக்களில் பாதி இந்த வகைதான். ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது, உடனே ஊரே நெருப்பு என்கிறது. கொஞ்சம் நின்று, இதற்கு என்ன ஆதாரம், இதிலிருந்து அது எப்படி வருகிறது என்று கேட்கத் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒவ்வொரு தெருவிலும் தேவைப்படுகிறார்கள்.

நம் ஊர் விவகாரம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது நம் பக்கம் எவ்வளவு கொந்தளிப்பு இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், திட்டத்துக்குத் தடையில்லை, நிலம் எடுக்கப் புதிதாக அறிவிக்கலாம் என்றது. டீக்கடையில் இதைப் பேசும்போது மூன்று வேறு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பயண நேரம் எவ்வளவு குறையும், எத்தனை கிணறு போகும் என்பது அளந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி. அரசுக்கு நிலம் எடுக்க அதிகாரம் உண்டா என்பது சட்டக் கேள்வி. பல லட்சம் பேருக்கு வசதி வரும் என்பதற்காக, விற்க விருப்பமில்லாத ஒரு விவசாயியிடமிருந்து அவருடைய தோட்டத்தை வாங்கலாமா என்ற மூன்றாவது கேள்வி இருக்கிறதே, அதற்கு அளவு நாடாவும் உதவாது, சட்டப் புத்தகம் மட்டும் போதாது. அது தத்துவக் கேள்வி.

அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி என்று பெந்தாம், மில் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர்கள் சொன்னார்கள். ஒரு மனிதரை மற்றவர்களின் நன்மைக்கான வெறும் கருவியாக ஆக்கக் கூடாது என்றார் காண்ட். நீ பணக்காரனாகப் பிறப்பாயா, நிலம் பறிபோகிறவனாகப் பிறப்பாயா என்று தெரியாத நிலையில் எந்த விதியை ஒப்புக்கொள்வாய் என்று கேட்டார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ். 1971-ல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் உலகமெங்கும் வகுப்பறைகளில் ஓடுகிறது. இவர்களைப் படித்த பெண் எட்டுவழிச் சாலையை ஆதரிக்கவும் செய்யலாம், எதிர்க்கவும் செய்யலாம். எதுவானாலும், எதிராளி என்ன சொல்கிறார் என்பதைத் திரிக்காமல் எடுத்துச் சொல்லிவிட்டுத் தன் பக்கத்தைச் சொல்வாள். கலெக்டர் ஆபீஸில், கோர்ட்டில், பத்திரிகையில், தொண்டு நிறுவனத்தில், பெரிய கம்பெனியின் கொள்கைப் பிரிவில் இந்தத் திறமைக்கு வேலை இருக்கிறது. அந்த வேலைகளுக்குத் தத்துவம் என்று பெயர்ப்பலகை இருக்காது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியைப் பாருங்கள். புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர், இவர்களோடு சமூக அறிவியலாளர் அல்லது தத்துவ, அறவியல் அறிஞர் அல்லது இறையியலாளர் ஒருவரும் வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். அது மாதச் சம்பள வேலை அல்ல, எப்போதாவது கூடுகிற குழு. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளியிடம் கைநாட்டு வாங்கினால் அது சம்மதம் ஆகுமா என்று கேட்க ஒருவர் அங்கே உட்கார வேண்டும் என்று நாடே ஒப்புக்கொண்டிருக்கிறது. இதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

கோர்ட்டிலும் இப்படித்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பில் அரிஸ்டாட்டிலும் மில்லும் வருகிறார்கள். மீளவே முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை எடுக்கலாமா என்ற 2018-ம் ஆண்டுத் தீர்ப்பு, கண்ணியம் என்றால் என்ன என்பதைப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. வக்கீலாகப் போகிற பிள்ளைக்குத் தத்துவம் நல்ல அடித்தளம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் அண்ணன் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், அவனோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவன் படிக்கிற கணினிக்குள்ளேயே தர்க்கம்தான் ஓடுகிறது. ஜார்ஜ் பூல் 1854-ல் தர்க்கத்தைக் கணக்குப்போல எழுதிக் காட்டினார். 1937-ல் கிளாட் ஷானன் அதையே மின்சுற்றில் பொருத்திக் காட்டினார். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு, யாருக்குக் கடன் கொடுக்கலாம், எந்த விண்ணப்பத்தைத் தள்ளலாம் என்று இயந்திரம் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 2021-ல் யுனெஸ்கோ இதற்கென்றே ஓர் அறவியல் பரிந்துரையை வெளியிட்டது. அந்தத் துறையில் சில நிறுவனங்கள் தத்துவம் படித்தவர்களை வேலைக்கு வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே போக ஆராய்ச்சிப் படிப்பு வரை போக வேண்டும், எண்ணிக்கையும் குறைவு. அதை நம்பி மட்டும் பாப்பா கிளம்ப வேண்டாம்.

சரி, ஏற்பாட்டுக்கு வருவோம். பி.ஏ. தத்துவத்தோடு இரண்டாவது கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும். எந்தக் கதவு என்பதை இரண்டாம் வருஷ முடிவுக்குள் அவளே தீர்மானிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது சட்டம். எந்தப் பட்டம் முடித்தவரும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். நம் சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. பட்டப்படிப்பு மட்டும் கேட்கிற வங்கித் தேர்வுகள், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 இவற்றுக்கும் தடையில்லை. பத்திரிகைத் துறை, பொதுக் கொள்கை, சமூகப் பணி போன்றவற்றில் முதுகலைக்கும் போகலாம். கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம், அப்புறம் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உண்டு. ஆனால் தத்துவத் துறையில் காலியிடங்கள் சொற்பம், வருஷக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆராய்ச்சியில் உண்மையாகவே ஆசை இருந்தால் மட்டும் அந்த வழி.

ஐ.ஏ.எஸ். பற்றி ஒரு வார்த்தை. கோச்சிங் சென்டரில் விசாரித்தால் தத்துவம் நல்ல விருப்பப் பாடம், சிலபஸ் சின்னது என்பார்கள். மெயின் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், 500 மதிப்பெண், இது உண்மை. 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணுக்குத் தனித்தாள் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தத் தேர்வில் பெரும்பாலானவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். ஐ.ஏ.எஸ். ஆவதற்காகத் தத்துவம் படிக்கிறேன் என்று பாப்பா சொன்னால், அந்தப் பேச்சைத் தயவுசெய்து வளர்க்காதீர்கள். தத்துவம் பிடித்துப் படிக்கட்டும். தேர்வு எழுதுவது அதன்பிறகு வருகிற முடிவு.

எங்கே படிப்பது? பி.காம்., பி.சி.ஏ. போல இது பக்கத்துக் கல்லூரியில் கிடைக்காது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. தத்துவம் நீண்ட காலமாக நடக்கிறது. டெல்லியில் மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம் போன்ற மகளிர் கல்லூரிகளில் இருக்கிறது. அதற்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அந்த விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். சென்னைக் கல்லூரிகளில் விண்ணப்பிக்கும்போது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் நிறைய மாறும். உங்களுக்குப் பெரிய செலவு ஃபீஸாக இருக்காது, ஹாஸ்டலும் சாப்பாடும்தான். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு மறக்காமல் பதிவு செய்யுங்கள்.

எனக்குக் கவலை தருவது பணத்தைவிட ஆங்கிலம். பாப்பா தமிழ் வழியில் படித்தவள். தத்துவத்தில் படிக்க வேண்டியதெல்லாம் அனேகமாக ஆங்கிலத்தில், அதுவும் நீளமான வாக்கியங்களில் இருக்கும். ஒரு பக்கத்தை மூன்று முறை படிக்கப் பொறுமை வேண்டும். கல்லூரி திறப்பதற்குள் தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதிப் பழகட்டும். ஒரு மாதம் முயன்றும் அது முடியவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சேலத்திலேயே பி.ஏ. ஆங்கிலம் சேர்த்துவிடுங்கள். எம்.ஏ. தத்துவத்துக்கு பி.ஏ.வில் தத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இல்லை. சென்னை, புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்களில் அந்தத் துறை உண்டு, இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். தோற்றுப்போய்ப் பிடிக்கிற வழி என்று இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நல்ல வழிதான்.

கடைசியாக, அவளுடைய ஆசை நிஜமானதா, பி.காமில் கணக்கு வரும் என்று பயந்து தப்பிக்கிறாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எட்டுவழிச் சாலை வேண்டும் என்று ஒரு பக்கமும், வேண்டாம் என்று ஒரு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் அவளுடைய சொந்தக் கருத்து என்று படிப்பவருக்குத் தெரியக் கூடாது. வீட்டில் யாரும் உதவ வேண்டாம், போனும் வேண்டாம். இரண்டு நாள் எடுத்துக்கொள்ளட்டும். எழுதி முடித்தபின் அடித்துத் திருத்தி மறுபடி எழுதுகிறாளா என்று அண்ணியைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாள்களோடு பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று அவளை வைத்துக்கொண்டே பேசி, விண்ணப்பத்தை அன்றைக்கே போட்டுவிடலாம்.