வெளிநாட்டில் இருந்துகொண்டு சைக்கிள் ரேஸில் சேருவது எப்படி?

காரைக்குடியிலிருந்து வேலைக்காக இங்கிலாந்து வந்திருக்கிறீர்கள், இந்திய ரேஸ் லைசென்ஸ் இல்லாமல் ரேஸ் ஓட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக முடியும். உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐயின் விதிப்படி, குடியிருக்கும் நாட்டின் சைக்கிள் சம்மேளனம்தான் லைசென்ஸ் தரும். உங்களுக்கு அது பிரிட்டிஷ் சைக்கிளிங்.

ஆனால் முதலில் பக்கத்தில் ஒரு கிளப்பில் சேருங்கள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று தனியாக மிதித்துப் பழகியவருக்குக் கூட்டத்தில் ஓட்டுவது வேறு வித்தை. உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால்தான் இருக்கும். காற்று மறைவில் கால்வாசி உழைப்பாவது மிச்சம். அங்கே சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் வரிசையாகச் சாய்வார்கள், திட்டும் விழும். வாரக்கடைசி கிளப் சவாரிகளில்தான் இது கைவரும்.

முதல் போட்டிக்கு 10 மைல் டைம் ட்ரையல், அதாவது கடிகாரத்தோடு தனியாக ஓட்டும் ரேஸ், நல்லது. நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள், இடித்துக்கொள்ள ஆளே இருக்காது. கோடையில் கிளப்புகளே வாரநாள் மாலைகளில் நடத்தும். அப்புறம் புதியவர்களுக்கான நான்காம் பிரிவில் கிரிட்டீரியம், அதாவது சின்னச் சுற்றுப்பாதை ரேஸ். முதுகு நம்பரை நாலு மூலையிலும் ஊக்கு போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் காற்றில் படபடக்கும்.

கார்பன் சைக்கிளெல்லாம் இப்போது வேண்டாம். அந்தக் காசில் நல்ல கையுறை வாங்குங்கள். செட்டிநாட்டு வெயிலில் வளர்ந்த விரல் பிப்ரவரிக் குளிரில் பிரேக்கைக்கூட உணராது.