மெஷினை வாங்குங்கள், முகத்தை நீங்களே செய்யுங்கள்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளவத்தையில் இருக்கிறேன். பொழுதுபோக்காக ஒரு கைமணிக்கூட்டை வீட்டிலேயே செய்துபார்க்க ஆசை. உள்ளே இருக்கும் மெஷின் உட்பட எல்லாவற்றையும் நானே செய்ய முடியுமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஜோர்ஜ் டேனியல்ஸ் (1926–2011) பல்சக்கரத்திலிருந்து கேஸ் எனும் வெளிக்கூடு வரை தன் பட்டறையிலேயே செய்தவர். ஒரு மணிக்கூட்டுக்கு ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள் போயின. உங்களுக்கு அந்த வழியைச் சொல்ல மாட்டேன். மெஷினை வாங்குங்கள். டயல், முள், முடிந்தால் கேஸ், இவை மூன்றும் உங்கள் கையால் வரட்டும். அதுவே ஒரு வருட வேலை.

முதல் மணிக்கூடு பற்றரியில் ஓடும் குவாட்ஸாக இருக்கட்டும். மியோட்டா 2035 என்ற ஜப்பானிய மெஷின் போன்ற ஒன்று போதும். விலை குறைவு, கெடுத்தாலும் மனம் நோகாது. அதிலுள்ள குவாட்ஸ் படிகம் செக்கனுக்கு 32,768 தடவை துடிக்கும்; நேரம் பிடிக்கும் கவலை உங்களுக்கு இல்லை. கை பழகிய பிறகு செய்கோ (Seiko) நிறுவனத்தின் என்எச்35 மெஷினுக்குப் போகலாம். கட்டியிருக்கும்போது தானாகவே சாவி ஏறும் ஒட்டோமட்டிக் அது. கழற்றி வைத்தால் ஏறத்தாழ 41 மணித்தியாலம் ஓடும். அதற்கான கேஸ், டயல், முட்கள் எல்லாம் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் புறக்கோட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓடாத பழைய குவாட்ஸ் மணிக்கூடு இரண்டு மூன்று வாங்கிக் கழற்றிப் பாருங்கள். திரும்பப் பூட்ட முடியாமல் போனால் பரவாயில்லை, அதற்காகத்தான் வாங்கினீர்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முள்ளில்தான். பார்வைக்கு எல்லா முட்களும் ஒன்றுபோலத் தெரியும், ஓட்டை வேறு. என்எச்35க்கு மணி முள்ளின் ஓட்டை 1.50 மில்லிமீற்றர், நிமிட முள் 0.90, செக்கன் முள் 0.20. மியோட்டா 2035க்கு 1.20, 0.70, 0.17. ஆகவே மெஷினை முடிவு செய்யாமல் முள் வாங்காதீர்கள். முள்ளை நீங்களே வெட்டுவதென்றாலும் பழைய முள் ஒன்றின் நடுக்குழாயை வைத்துக்கொண்டு, அதன் மேல் உங்கள் வடிவத்தை ஒட்டுவது சுலபம்.

பூட்டும்போது திகதி காட்டும் மெஷின் என்றால், பக்கத்தில் இருக்கும் திருகான கிரவுனை இழுத்து, திகதி மாறும் கணம் வரை முன்னோக்கித் திருப்புங்கள். அதுதான் நள்ளிரவு. அந்த இடத்தில் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12இல் வைத்து அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது திகதி மாறும்! டயலில் கீறல் விழாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை இடையில் வையுங்கள்.

டயலுக்கு 0.4 மில்லிமீற்றர் பித்தளைத் தகடு நல்லது. என்எச்35க்கான டயல்கள் பெரும்பாலும் 28.5 மில்லிமீற்றர் விட்டம். ஆனாலும் உங்கள் கேஸை அளந்த பிறகே வெட்டுங்கள். தட்டார்கள் பாவிக்கும் நுண்வாள் செட்டியார் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். வெட்டிய தகட்டை எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். டயலை மெஷினில் பிடித்து நிறுத்தும் சிறு கால்களைப் பற்றவைக்கச் சிரமமாக இருந்தால், இருபக்கமும் ஒட்டும் சிறு வட்டங்களால் மெஷினில் ஒட்டிவிடலாம். வண்ணம் தெளிப்பதை மழை நாளில் செய்யாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் லாக்கர் வெளிறிப் பால் படிந்ததுபோல ஆகிவிடும். வெயில் நாளில் மத்தியான வேளைதான் சரி.

அடுத்தது ஸ்டெம். கிரவுனையும் மெஷினையும் இணைக்கும் அந்தத் தண்டு நீளமாகவே வரும், உங்கள் கேஸுக்கு ஏற்ப வெட்ட வேண்டும். எத்தனையோ வருட அனுபவம் இருந்தும் போன வருடம்கூட ஒன்றைக் கட்டையாக வெட்டித் தொலைத்தேன். ஒரே வெட்டில் அளவுக்குக் கொண்டுவர நினைத்ததுதான் பிழை. கொஞ்சம் நீளமாக வெட்டி, அரத்தால் சிறிது சிறிதாக ராவி, ஒவ்வொரு தடவையும் பூட்டிப் பாருங்கள். உபரி ஸ்டெம் இரண்டு கையில் இருக்கட்டும். இன்னொன்று, கிரவுன் நேரம் திருத்தும் நிலையில் வெளியே இழுபட்டிருக்கும்போது ஸ்டெம்மைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் நெம்புகள் இடம் மாறிவிடும்.

கேஸை நீங்களே செய்வதென்றால் லேத் பட்டறையில் பித்தளை வளையம் கடைந்து வாங்கலாம். ஆனால் பித்தளை வியர்வையில் பச்சை பிடிக்கும், மணிக்கட்டிலும் கறை விழும். பின்மூடியாவது துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். முதல் தடவைக்கு ஆயத்தக் கேஸே போதும் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் பூட்டியபின் கேஸை மூடுவதைக் கடற்காற்று வரும் பல்கனியில் செய்யாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம், வெயிலில் நடந்து ஏசி பஸ்ஸில் ஏறியதும் கண்ணாடியில் ஆவியாகப் படியும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றுடன் எல்லாப் பாகங்களையும் இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு வைத்து, ஏசி அறையில் மூடுங்கள். பின்மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி. அப்படி மூடினாலும் வீட்டில் செய்ததைக் கட்டிக்கொண்டு குளிக்காதீர்கள்.

கையில் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் மேசையில் ஓடவிடுங்கள்: டயல் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி. முட்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும் நேரத்தில் மட்டும் நின்றால் மெஷினைத் திட்ட வேண்டாம். முட்கள் அங்கே உரசுகின்றன. கழற்றி, மேலே இருக்கும் முள்ளை ஒரு தலைமுடி அளவுக்கு உயர்த்திப் பூட்டினால் ஓடும்.