விடுபட்ட பத்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பழங்கோட்டையைப் பராமரிக்கும் அறக்கட்டளையில் பொறுப்பில் இருக்கிறேன். விக்கிப்பீடியாவில் அந்தக் கோட்டை பற்றிய கட்டுரை ஏழெட்டு வரிகளோடு, அதுவும் பிழைகளோடு கிடந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை விரிவாக எழுதினேன். ஒருநாள் பார்த்தால் கட்டுரையின் தலையில் 'நலமுரண்' (எழுதியவருக்கு இதில் சொந்த ஆதாயம் உண்டு) என்று ஓர் அறிவிப்பு, நான் எழுதியதில் பாதியைக் காணோம். நீக்கியவர் கோட்டையைப் பார்த்ததே இல்லை என்று அவரே சொல்கிறார். நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. அதிகம் தெரிந்தவன் எழுதக்கூடாது, தெரியாதவர் வெட்டலாம் என்பது என்ன நியாயம்? இப்போதைக்கு அக்கா மகன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, நீக்கியதையெல்லாம் திரும்பச் சேர்த்து வருகிறேன். விக்கிப்பீடியாவை நம்பலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். அக்கா மகன் பெயரில் இருக்கும் கணக்கை இன்றே நிறுத்துங்கள். விக்கிப்பீடியர்கள் இதைக் கைப்பாவைக் கணக்கு என்பார்கள். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா ஒன்றோடொன்று தொடர்புள்ள 381 கணக்குகளைத் தடை செய்தது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிய கும்பல் அது. நீங்கள் அந்த ரகம் இல்லை, உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையனின் பெயரை இதில் ஏன் இழுத்தீர்கள்? உங்கள் கோபத்துக்கு அவன் பெயர் அடமானமா?

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்பதை இப்போது விட்டுவிடுவோம். கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளைத் திறந்து பாருங்கள், அவை எவ்வளவு உறுதியோ கட்டுரையும் அவ்வளவே. நீக்கியவர் கோட்டையைப் பார்த்ததில்லை என்பதும் பொருட்டில்லை. அச்சில் வந்த சான்றைக் கேட்பதற்கு அவர் மதில் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி வேறு. 'நான் ஒரு பொய்கூட எழுதவில்லை.' நம்புகிறேன். பாரம்பரியச் சின்னங்களைப் பற்றி எழுதும்போது எது இல்லாமல் போகிறது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே பதில் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய மாளிகையின் அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதித் தந்தேன். மாளிகையை நிர்வகித்தவர் அருமையான மனிதர். எந்த உத்தரத்தில் கரையான் பிடித்திருக்கிறது, எந்த ஓடு போன மழையில் நகர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் நான்கு பத்திகள் எழுதினேன். நான்காவது, அந்த வளாகத்தின் பின்கட்டில் தலைமுறைகளாகக் குடியிருந்த குடும்பங்களைப் பற்றியது. மாளிகை காட்சிக்கூடமானபோது அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலகை வைக்கப்பட்டபோது போய்ப் பார்த்தேன். மூன்று பத்திகள் ஒரு கமாகூட மாறாமல் இருந்தன. நான்காவதைக் காணோம்.

கேட்டேன். "அது வருத்தமான சமாச்சாரம். வருகிறவர்கள் சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எதையும் மறைப்பதாகவும் நினைக்கவில்லை. மாளிகை மேல் இருந்த பாசத்தில் அந்தப் பத்தி அவருக்கு ஓர் அழுக்காகத் தெரிந்திருக்கிறது, துடைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்லவே முடியாது, ம.

உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. ஜோர்டானில் பாறையைக் குடைந்து எழுப்பிய பழைய நகரமான பெட்ரா 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே குகைகளில் வாழ்ந்துவந்த பிதூல் என்ற பெதூயின் பழங்குடியினர் அந்தக் காலகட்டத்தில்தான் உம் சைஹூன் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார்கள். சுற்றுலாக் கையேடு எழுதுகிறவர் இளஞ்சிவப்புப் பாறையைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போகலாம். அந்தக் கையேட்டில் நீங்கள் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியாது. 2016இல் யுனெஸ்கோவும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து, உலகப் பாரம்பரியச் சின்னங்களையும் சுற்றுலாவையும் பருவநிலை மாற்றம் எப்படிப் பாதிக்கிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன் வரைவில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு பற்றிய பகுதி இருந்தது. ஆஸ்திரேலிய அரசு கேட்டுக்கொண்டதால், வெளிவந்த அறிக்கையில் ஆஸ்திரேலியா பற்றிய குறிப்பே இல்லாமல் போனது. சுற்றுலா பாதிக்கப்படும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த அறிக்கையிலும் பொய் இல்லை.

ஸ்பெயினின் தென்முனையில் பிரிட்டன் வசம் உள்ள கிப்ரால்டரின் விவகாரம் விக்கிப்பீடியாவுக்குள்ளேயே நடந்தது. 2012இல் அந்த ஊரைப் பற்றி நிறையக் கட்டுரைகள் எழுதி, அங்குள்ள இடங்களில் கியூஆர் குறிகளை ஒட்டி, பயணிகளை ஈர்க்கும் திட்டம் ஒன்று வந்தது. அதற்கு ஆலோசகராக இருந்தவர், விக்கிப்பீடியாவுக்குத் துணைநிற்கும் பிரிட்டனின் விக்கிமீடியா அமைப்பில் அறங்காவலராகவும் இருந்தார். கிப்ரால்டர் கட்டுரைகள் விக்கிப்பீடியாவின் முதல் பக்கத்தின் 'உங்களுக்குத் தெரியுமா' பகுதியில் அடுத்தடுத்து வரத் தொடங்கியதும் கேள்வி எழுந்தது. அவர் பதவி விலகினார். அந்த ஊர் பற்றிய கட்டுரைகள் முதல் பக்கத்துக்கு வர தனிக் கட்டுப்பாடுகள் வந்தன. கட்டுரைகளில் இருந்த தகவல் தவறு என்பதல்ல அங்கே பெரிய குற்றச்சாட்டு. எது கண்ணில் படவேண்டும் என்பதை, அதில் ஆதாயம் உள்ளவர் தீர்மானித்துவிட்டார் என்பதுதான்.

சேர்ப்பதையாவது பிடித்துவிடலாம். 2019இல் ஒரு மலையேற்ற உடை நிறுவனம் இயற்கைத் தலங்கள் பற்றிய கட்டுரைகளில் இருந்த படங்களை மாற்றி, தன் சரக்கு தெரியும் படங்களைப் போட்டது. விஷயம் வெளியே வந்ததும் தன்னார்வலர்கள் அவற்றை எடுத்துவிட்டார்கள். யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்பதெல்லாம் 'வரலாறு' பக்கத்தில் பதிவாகிவிடும். ஆனால் யாருமே எழுதாமல் விட்ட பத்திக்கு வரலாறு பக்கத்தில் ஒரு வரிகூட இருக்காது. ஆதாயம் உள்ளவர் நேரடியாகத் தொகுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது இதனால்தான். விடுபட்டது தன் கண்ணுக்கே தெரியாது, ம. உங்களுக்கும் தெரியாது, என் மாளிகைக்காரருக்கும் தெரியவில்லை.

உங்கள் கட்டுரையின் பழைய வடிவத்தை வரலாறு பக்கத்தில் எடுத்துப் படித்தேன். மதிலின் அமைப்பைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது அற்புதம். அது நீக்கப்பட்டதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் 'அறக்கட்டளையின் முயற்சியால் சீரமைப்புப் பணிகள் சிறப்பாக நடைபெற்றன' என்று ஒரு வரி வருகிறதே, எந்தச் சாந்தை வைத்துப் பூசினீர்கள்? சுண்ணாம்பா, சிமெண்டா? பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு பூத்து, கல்லே உதிரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏதென்ஸில் பார்த்தனான் என்ற பழங்கிரேக்கக் கோயிலைச் சீரமைத்த பொறியாளர் பலானோஸ் வைத்த இரும்புப் பட்டைகள் துருப்பிடித்துப் பருத்து, பளிங்கைப் பிளந்தன. 1975இல் ஒரு குழு அமைத்து, அவர் செய்ததைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. பார்த்தனானின் கதையைச் சொல்லும் நல்ல கட்டுரை இதையும் சொல்லும். பலானோஸே எழுதியிருந்தால்? 'சிறப்பாக நடைபெற்றன' என்றுதான் இருந்திருக்கும். அவரும் பார்த்தனானை நேசித்தவர்தான்.

சரி, தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டுமா என்றால், கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நெறி உங்களை விரட்டுவதில்லை. உங்கள் பயனர் பக்கத்தில் அறக்கட்டளையில் இருப்பதை எழுதுங்கள். சம்பளம் வாங்குகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அறக்கட்டளை வேலையின் பகுதியாக எழுதிச் சம்பளமும் வாங்கினால் அதை அறிவித்தே ஆகவேண்டும், 2014 முதல் பயன்பாட்டு விதியே அப்படி. அதன்பிறகு, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே இருக்கும் அதன் பேச்சுப் பக்கத்தில், இந்த வரி தவறு, இதுதான் சரி, இதோ சான்று என்று கோரிக்கை வையுங்கள். இன்னொருவர் பார்த்துச் சேர்ப்பார். நாளாகும், எரிச்சல் வரும். தலையில் உள்ள அறிவிப்பை எடுப்பதைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று உங்களால் மட்டுமே முடியும். அறக்கட்டளை அலுவலகத்தில் சீரமைப்புப் பதிவேடுகள், பழைய அளவுப் படங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள் இருக்குமே, அவற்றை முழுசாக வெளியிடச் சொல்லி உங்கள் ஆட்களிடம் சண்டை போடுங்கள். அறக்கட்டளைக்கு உரிமை உள்ள படங்களைக் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். சாந்து பற்றிய பக்கங்களும் அதில் இருக்கட்டும். கோட்டையைப் பார்க்காத அந்த மனிதர் அவற்றைப் படித்துவிட்டு எழுதட்டும். எழுதியது தப்பாக இருந்தால் பேச்சுப் பக்கத்தில் அவரோடு மோதுங்கள், உங்கள் சொந்தப் பெயரில்.