காலேஜ் முடிஞ்சாலும் காலேஜ் டீம் மட்டும் ஏன் விடறதில்ல?

கேள்வி: அமெரிக்காவுல படிச்சவங்க காலேஜ விட்டு வந்து இருபது வருஷம் ஆனாலும் அந்த காலேஜோட அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்காக உயிர விடுறாங்களே, அது எப்படி? அடுத்த ஆகஸ்ட்ல நான் டெக்சாஸ் ஏ&எம்ல எம்எஸ் சேரப் போறேன், எனக்கும் அது ஒட்டிக்குமா?

ஒட்டிக்கும். நானும் அதே ஏ&எம்தான், 2010ல சேந்து 2012ல முடிச்சேன், இப்ப டல்லாஸ் பக்கம் குடும்பத்தோட இருக்கேன், சீசன் ஆரம்பிச்சிட்டா சனிக்கிழமைல யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் முதல்ல கேம் எத்தன மணிக்குன்னு பாத்துட்டுதான் வரேன்னு சொல்றது.

டீம் ஜெயிக்குது, அதப் பாத்து ஃபேன் ஆகுறாங்கன்னுதான் வெளிய இருந்து பாக்குறவங்க பொதுவா நினைக்கிறாங்க. அதுதான் காரணம்னா ஏ&எம்முக்கு ஃபேனே இருக்கக் கூடாது. நாங்க கடைசியா நேஷனல் சாம்பியன் ஆனது 1939ல. கான்ஃபரன்ஸ் (பல காலேஜ் சேந்து ஆடுற லீக்) டைட்டில் கடைசியா அடிச்சது 1998ல. ஆனா கைல் ஃபீல்ட் ஸ்டேடியத்துல 1,02,733 சீட், நல்ல கேம்னா அதுக்கு மேலயும் ஆளுங்க நிப்பாங்க. ஜெயிக்கிறது சந்தோஷம், அவ்வளவுதான். ஆயுசுக்கும் ஒட்ட வைக்கிறது வேற ஒண்ணு, அந்த ஸ்டேடியத்துல உங்கள சும்மா பாக்க விடாம உங்களுக்குன்னு ஒரு வேலைய குடுத்துடுறாங்க பாருங்க, அதுதான். நம்மூர்ல தேர் பாக்க வந்தவங்களுக்கும் வடம் பிடிச்சவங்களுக்கும் இருக்குற வித்தியாசம் மாதிரின்னு வச்சுக்கங்க.

அந்த வேலை என்னன்னா முதல்ல நிக்கிறது. ஸ்டூடண்ட் செக்‌ஷன்ல கேம் முழுக்க யாரும் உக்காரக் கூடாது, மூணரை மணி நேரம் ஆனாலும் நின்னுட்டேதான் பாக்கணும். இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, நூறு வருஷத்துக்கு முந்தினது. 1922 ஜனவரி 2, டல்லாஸ்ல டிக்ஸி கிளாசிக்னு ஒரு கேம், எதிர்ல சென்டர் காலேஜ், அந்த சீசன்ல ஹார்வர்டையே தோக்கடிச்ச டீம். ஏ&எம் ஆளுங்க ஒவ்வொருத்தரா அடிபட்டு வெளிய வராங்க, கோச் டேனா பைபிள்கிட்ட மாத்தி இறக்க ஆளே இல்லாத நிலைமை. அப்ப இ. கிங் கில்னு ஒரு பையன், டீம்ல இருந்துட்டு பாஸ்கெட்பால் ஆடுறதுக்காக விலகினவன், மேல பிரஸ் பாக்ஸ்ல உதவிக்கு உக்காந்திருக்கான். கோச் அவன கீழ கூப்பிட்டாரு. ஸ்டாண்டுக்கு அடியில போய் அடிபட்ட ஒருத்தனோட யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு வந்து லைன் ஓரமா கேம் முடியிற வரைக்கும் நின்னான். அவன இறக்க வேண்டிய தேவையே வரல, 22-14னு ஏ&எம் ஜெயிச்சிருச்சு. ஆனா கூப்பிட்டா வர்றதுக்கு ரெடியா ஒருத்தன் நின்னான் இல்லையா, மைதானத்துல ஆடுறது 11 பேர், அவன்தான் 12வது ஆள். அதுலருந்துதான் ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் 12வது ஆளா நிக்கிறாங்க. ஸ்டேடியத்துக்கு வெளிய அவருக்கு சிலை இருக்கு, போனதும் பாருங்க.

நிக்கிறது போதாது, கத்தவும் தெரியணும், அதுக்கும் ஒரு முறை இருக்கு. இங்க சியர்லீடர்ஸ் கிடையாது. எலெக்‌ஷன் வச்சு தேர்ந்தெடுத்த அஞ்சு ஸ்டூடண்ட்ஸ், யெல் லீடர்ஸ், வெள்ள டிரஸ்ல கீழ நின்னு கையால ஒரு சைகை காட்டுவாங்க. எந்த யெல் (எல்லாரும் சேந்து கத்துற கோஷம்) வருதுங்கறது அந்த சைகைலதான் இருக்கு. அத முன் வரிசை பாத்து கைய தூக்கி பின் வரிசைக்குக் காட்டணும், அவங்க அதுக்குப் பின்னாடி, இப்படியே மேல் டெக் கடைசி வரைக்கும் போகும். அப்புறம் எல்லாரும் குனிஞ்சு முட்டிக்கு மேல கைய ஊணிக்கிட்டு ஒரே மூச்சுல கத்துறது. உங்களுக்கு முன்னாடி நிக்கிறவன் சைகை காட்டிட்டான், நீங்க கைய தூக்கலன்னா உங்களுக்குப் பின்னாடி நிக்கிறவனுக்கு என்ன கத்துறதுன்னு தெரியாது. அவ்வளவு சின்ன விஷயம்தான், ஆனா முதல் தடவ நான் கைய தூக்கினப்ப பின்னாடி திரும்பிப் பாத்தேன், எனக்கு அப்புறம் ஒரு மலை மாதிரி கை கையா மேல ஏறிப் போச்சு, இன்னிக்கு நினைச்சாலும் சிலிர்க்குது. ஃபுட்பால் ரூல் ஒண்ணுகூட அன்னிக்கு எனக்கு முழுசா தெரியாது, நாலு டவுன்னா என்னன்னு ரூம்மேட்தான் (சேலத்துப் பையன், எனக்கு ஒரு வருஷம் சீனியர்) காதுக்குள்ள சொல்லிட்டே இருந்தான்.

இதையெல்லாம் கேமுக்கு முந்தின ராத்திரியே பழகிடலாம், ஹோம் கேம்னா நடுராத்திரி 12 மணிக்கு அதே ஸ்டேடியத்துல மிட்நைட் யெல்னு கூடுவாங்க. ஆட்டமே இல்லாத மைதானத்துல ஆயிரக்கணக்கான பேர் வெறுமன கத்திப் பழகுறதுக்காக வந்து நிப்பாங்க.

இது எப்படி வந்துச்சுன்னா, 1876ல ஆரம்பிச்ச இந்த காலேஜ் ரொம்ப காலம் ஆம்பளைங்க மட்டும் படிச்ச, மிலிட்டரி டிரெயினிங் கட்டாயமா இருந்த இடம். பொண்ணுங்கள சேக்க ஆரம்பிச்சதே 1963ல, கோர்னு சொல்ற ஸ்டூடண்ட் மிலிட்டரி படைல சேரணும்ங்கற கட்டாயம் போனது 1965ல. வரிசைல நிக்கிறது, சைகைக்கு பதில் சொல்றது, பக்கத்துல நிக்கிறவன விட்டுட்டுப் போகாம இருக்குறது எல்லாம் அங்கருந்து வந்த பழக்கம். காலேஜ் பாட்டுகூட 1918ல பிரான்ஸ்ல போர்ல இருந்த ஒரு ஸ்டூடண்ட் எழுதினது. அந்தப் பாட்டுக்கு எல்லாரும் தோள்ல கை போட்டு கால பின்னிக்கிட்டு பக்கவாட்டுல ஆடுவாங்க, காலுக்குக் கீழ கான்க்ரீட்டே அசையிறது நல்லாவே தெரியும்.

ஊரும் ஒரு காரணம். காலேஜ் ஸ்டேஷன் சின்ன ஊரு, ப்ரொஃபஷனல் டீம் கிடையாது, ஹூஸ்டன் போகணும்னா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. அமெரிக்கா முழுக்க பெரிய காலேஜ் டீம் இருக்குற ஊருங்க நிறைய இப்படித்தான். சனிக்கிழமைங்கறதும் காலேஜுக்குன்னே ஒதுக்கின நாள் மாதிரி, செப்டம்பர்லருந்து டிசம்பர் நடு வரைக்கும் ப்ரொஃபஷனல் லீக் அந்த நாள தொடாத மாதிரி 1961லயே சட்டம் போட்டுட்டாங்க.

இப்ப தோக்குறதப் பத்தி சொல்லணும், என்னப் பொறுத்தவரைக்கும் விஷயமே அதுலதான் இருக்கு. 1976ல ராபர்ட் சியால்டினின்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ரொம்ப பேர் மேற்கோள் காட்டுறது. ஏழு யூனிவர்சிட்டில பாத்ததுல, டீம் ஜெயிச்ச வாரம் திங்கக்கிழமை காலேஜ் பேர் போட்ட டிரஸ் போட்டுக்கிட்டு கிளாஸுக்கு வர்றவங்க அதிகம். டீம் ஜெயிச்சா நாங்க ஜெயிச்சோம்னு சொல்ற பசங்க தோத்தா அவங்க தோத்துட்டாங்கன்னு சொல்றதும் அதிகம். மனுஷ சுபாவம் அது. ஆயுசுக்கும் ஃபேனா இருக்கப் போறவங்க அந்தக் கோட்டத் தாண்டினவங்க, தோத்த திங்கக்கிழமையும் காலேஜ் கலர் மெரூன் சட்டை போட்டுட்டு வர்றவங்க.

நான் அந்தக் கோட்டத் தாண்டினது 2011 நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் ராத்திரி. டெக்சாஸ் யூனிவர்சிட்டியோட கேம். ரெண்டு காலேஜும் 1894லருந்து மோதிக்கிட்டு இருக்காங்க, அடுத்த வருஷம் ஏ&எம் வேற கான்ஃபரன்ஸுக்குப் போறதால அதுதான் கடைசின்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு நிமிஷம்கூட இல்லாதப்ப டச்டவுன் போட்டு 25-24னு முன்னாடி வந்துட்டோம், பக்கத்துல யாருன்னே தெரியாதவங்கள கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். அப்புறம் அவங்க மெதுமெதுவா பந்த நகர்த்தி, கடைசி செகண்ட்ல ஜஸ்டின் டக்கர் 40 கெஜத்துலருந்து உதைச்சாரு. 27-25. ஒரு மூலைல டெக்சாஸோட ஆரஞ்சு கலர் கூட்டம் துள்ளுது, மத்த இடம் பூரா ஒரு சத்தம் இல்ல.

யாரும் கிளம்பல. கிளம்பக் கூடாதுங்கறதுதான் பழக்கம், ஜெயிச்சா யெல் லீடர்ஸ தூக்கிட்டுப் போய் தண்ணித்தொட்டில போடுவாங்க, தோத்தா அங்கயே நின்னு அடுத்த கேமுக்கு யெல் ப்ராக்டிஸ் பண்ணணும். எனக்கு முன் வரிசைல கோர் பையன் ஒருத்தன், முட்டி வரைக்கும் பிரவுன் பூட்ஸ் போட்ட சீனியர், மூஞ்சியெல்லாம் கண்ணீர், துடைக்கக்கூட இல்ல, சைகை வந்ததும் கைய தூக்கி எங்களுக்குக் காட்டிட்டு குனிஞ்சு முட்டில கைய வச்சான். அவனுக்குக் காலேஜ் லைஃப்ல கைல் ஃபீல்ட்ல அதுதான் கடைசி கேமா இருந்திருக்கும். என் ரூம்மேட் "டேய், கைய தூக்குடா, பின்னாடி நிக்கிறாங்க"ன்னான். தூக்கினேன். தொண்ட கட்டிப் போய் வீட்டுக்கு ஃபோன் பண்ணப்ப அம்மா காய்ச்சலான்னு கேட்டாங்க.

அடுத்த வருஷம் நான் ஹூஸ்டன்ல வேலைல இருந்தேன், ஏ&எம்முக்கு ஜானி மான்சியெல்னு ஒரு பிளேயர் வந்து நம்பர் ஒன் அலபாமாவ அவங்க ஊர்லயே 29-24னு தோக்கடிச்சு, ஃப்ரெஷ்மேனா, அதாவது ஆடுற முதல் சீசன்லயே, ஹைஸ்மன் அவார்ட் (அந்த வருஷத்தோட சிறந்த காலேஜ் பிளேயருக்குக் குடுக்குறது) வாங்கின முதல் ஆள் ஆனாரு. ஊரே கொண்டாடிச்சு, நானும்தான். ஆனா ஒருவேள அந்த சீசன் வராம போயிருந்தாலும் நான் இங்கதான் இருந்திருப்பேன், 2011லயே முடிவான விஷயம் அது.

சிஎஸ்கேக்கு தோனி மாதிரி இங்க ஒரு ஆள பிடிச்சுக்கிட்டு பல வருஷம் ஃபேனா இருக்க முடியாது, நாலஞ்சு வருஷத்துல மொத்த டீமும் மாறிடும். 2021 ஜூலைலருந்து பிளேயர்ஸ் தங்களோட பேர வச்சு காசு சம்பாதிக்கலாம்னு ஆனப்புறம் இன்னும் சீக்கிரமா காலேஜ் விட்டு காலேஜ் மாறுறாங்க. இதனால காலேஜ் ஃபுட்பாலே செத்துடும்னு சில பேர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பசங்க காசு வாங்கட்டும், உடம்ப உடைச்சுக்கிட்டு ஆடுறது அவங்க. மாறாம நிக்கிறது ஸ்டாண்ட்ஸ்தான், நான் கைய தூக்கின எடத்துல இன்னிக்கு வேற ஒரு பையன் தூக்குறான்.

ஃபுட்பாலுக்கு சம்பந்தம் இல்லாத ஒண்ணு, ஆனா இத சொல்லாம விட்டா பதில் முழுசாகாது. ஒவ்வொரு ஏப்ரல் 21 அன்னிக்கும் மஸ்டர்னு உலகம் பூரா எங்கெல்லாம் பழைய ஸ்டூடண்ட்ஸ் இருக்காங்களோ அங்க கூடுவாங்க. அந்த வருஷம் இறந்து போனவங்க பேர ஒவ்வொண்ணா வாசிப்பாங்க, குடும்பத்துல ஒருத்தரோ நண்பரோ எந்திரிச்சு "ஹியர்"னு அவங்களுக்காக வருகை சொல்வாங்க. 1942ல பிலிப்பைன்ஸ்ல கொரிஹிடோர் தீவ ஜப்பான்காரங்க சூழ்ந்து குண்டு போட்டுட்டு இருந்தப்பகூட ஜெனரல் ஜார்ஜ் மூரோட அங்க இருந்த ஆகீஸ் (ஏ&எம் ஆளுங்களுக்கு அதுதான் பேர்) இத விடலன்னு சொல்வாங்க. டல்லாஸ்ல ஒரு மஸ்டர்ல வயசான அம்மா ஒருத்தங்க புருஷனுக்காக எந்திரிச்சு சொன்னாங்க, குரல் நடுங்கவே இல்ல, அவ்வளவு சத்தமா. இந்த டீம்ங்கறது மைதானத்துல இருக்குற 11 பேர் மட்டும் இல்லைங்கறத அன்னிக்குப் பக்கத்துல இருந்து பாத்தேன்.

2024 நவம்பர் 30 அன்னிக்கு டெக்சாஸ் திரும்ப கைல் ஃபீல்டுக்கு வந்துச்சு, 2011க்கு அப்புறம் முதல் தடவையா. பொண்ண கூட்டிட்டுப் போனேன். 17-7னு தோத்தோம். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "அப்பா, இப்ப ப்ராக்டிஸ் இருக்குல்ல?" இந்தக் காலேஜ்ல அவ படிக்கிறாளோ இல்லையோ, அவளும் மாட்டிக்கிட்டா.

சரி, நீங்க போகப் போறீங்க, அதனால சில விஷயம். ஸ்போர்ட்ஸ் பாஸ (ஸ்டூடண்ட்ஸுக்கான சீசன் டிக்கெட்) கட்டாயம் எடுங்க, முதல் செமஸ்டர்ல காசு கையக் கடிக்கும்தான், அப்படியும் எடுங்க. ஆரஞ்சு கலர் சட்டைய ஊர்லயே விட்டுட்டு வாங்க. செப்டம்பர் கேம்னா வெயில் நம்ம ஊர் சித்திரை வெயில்தான், தண்ணி குடிச்சிட்டே இருங்க, பழகின ஷூ போட்டுக்கங்க. உங்க டிபார்ட்மெண்ட்ல இருக்குற நம்ம பசங்க அசைன்மெண்ட் இருக்குன்னு சொல்வாங்க, முதல் ஹோம் கேமுக்காவது இழுத்துட்டுப் போங்க, முந்தின ராத்திரி யெல்லுக்கும் போங்க. தோத்தா பாதில கிளம்பாதீங்க, ப்ராக்டிஸ் முடிச்சிட்டுப் போங்க, அந்த நேரத்துல பார்க்கிங்லருந்து வண்டி எப்படியும் நகராது.