பெயிண்ட் பிறகு, முதல் பீரியட் முதலில்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு இந்த ஜூனில் தலைமையாசிரியையாக வந்தேன். என்னையும் சேர்த்து 6 ஆசிரியர்கள், 142 பிள்ளைகள். பெற்றோர் பெரும்பாலும் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள். வடமாநிலக் குடும்பங்களும் உண்டு. ஆறாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. ஊரில் பெயிண்ட், ஸ்மார்ட் கிளாஸ் என்று கேட்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவதுங்க?

பதில்: பெயிண்ட் அடிக்க எப்போது வேண்டுமானாலும் ஆள் கிடைக்கும். முதலில் வாசிப்பைப் பாருங்கள் டீச்சர்.

3 முதல் 8 வரை சுமார் 100 பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு 5 நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். ஆறு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, பத்து வரிக் கதை என்று நாலு படி. கதையை முடித்தவரிடம் அதிலிருந்து ஒரு கேள்வி. பாடப்புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாதிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், நாமும் வாசிக்கிறார்கள் என்று ஏமாந்துபோவோம். பார்த்திராத பத்தியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே தடுக்குகிறது என்றும் குறித்துவையுங்கள். 'க' தெரிந்த பிள்ளை 'கெ', 'கொ'வில் நின்றுவிடும். ஒலியில் பின்னால் வரும் எகரம் எழுத்தில் கொம்பாக முன்னால் நிற்கிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு 'அ'விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நடத்த வேண்டியதில்லை, கொம்பெழுத்துச் சொற்களாகப் பார்த்து இரண்டு வாரம் பழக்கினால் போதும். வடமாநிலப் பிள்ளைகள் தெருவில் தமிழ் சரளமாகப் பேசுவதைப் பார்த்து வாசிப்பும் வந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்காக 11 வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவும் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

அடுத்தது கால அட்டவணை. தினமும் முதல் பீரியடை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். ஒருவர் 1, 2 வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, மீதி ஐந்து பேரும் வகுப்புப்படி இல்லாமல் நிலைப்படி குழு எடுக்கட்டும். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது உங்களுக்குப் பழக்கம்தானே. ஆனால் 3-5 தனி, 6-8 தனி. எட்டாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார்ந்தால் மறுநாள் வரமாட்டான். எழுத்திலேயே நிற்கும் கடைசி நிலைக் குழுவில் 12 பேருக்கு மேல் வேண்டாம். அதைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உள்ளதிலேயே கெட்டிக்கார ஆசிரியர் யாரோ அவருக்குத்தான் அந்தக் குழு.

மறுசோதனை ஆறு வாரத்துக்கு ஒருமுறை. தீபாவளி நோம்பிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பிய வாரத்தில் மட்டும் வைக்காதீர்கள். விட்டுப்போனதும் மறந்துபோனதும் கலந்து கணக்கு பிசகிவிடும். லைன் வீடு மாறிப் போகும் பிள்ளைக்கு அதன் நிலையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

மதியத்துக்கு மேல் தினம் ஒரு வகுப்பில் 20 நிமிடம் பின்பெஞ்சில் உட்காருங்கள். மூன்று நோட்டுகளைப் புரட்டினாலே நிலவரம் தெரிந்துவிடும். சொல்ல வேண்டியதை அன்றைக்கே, தனியாக, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் திருந்தாது, அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் நடிப்புப் பாடம்தான் நடக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக, மொத்தத்தில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். ஷிப்டுக்குப் போகிறவர்களை வேலை நாளில் மூன்று மணிக்குக் கூப்பிட்டால் கையெழுத்து மட்டும் வரும். ஞாயிறு 11 மணிக்கு வையுங்கள். சுற்றறிக்கை வாசிக்க வேண்டாம். எந்த நிலையில் எத்தனை பிள்ளைகள் என்பதைப் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், ஸ்மார்ட் கிளாஸ் பேச்சு தானாகப் பின்னுக்குப் போகும்.

இத்தனையையும் கெடுப்பது பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் 'உடனே அனுப்பவும்' என்று வரும் போன்களும்தான். கடைசி நிலைக் குழுவை எடுக்க யாரும் முன்வராவிட்டால் முதல் ஆறு வாரம் நீங்களே எடுங்கள். போனை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போங்கள். தவறிய அழைப்புகளுக்கு இரண்டாம் பீரியடில் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.