கேளுங்கள், சொல்கிறேன்: மொரீஷியஸில் ஒரு நாளைக்கு ஒரு திசை

மொரீஷியஸ் சுற்றிப் பார்ப்பது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்குத்தான்.

கேள்வி: அக்கா, மே மாதக் கடைசியில் ஏழு நாள் மொரீஷியஸ் வருகிறோம். நான், கணவர், பத்தும் பதினான்குமாக இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். ஏஜென்ட் தந்த திட்டத்தில் வடக்கே ஒரு நாள், தெற்கே ஒரு நாள், மீதி எல்லாம் கடற்கரையும் படகும்தான். இது போதுமா?
(திருச்சி வாசகி)

பதில்: போதாது அம்மா. கடற்கரைக்கென்று தனி நாள் ஒதுக்கவே வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கடலில்தான் முடியும், மாலையில் ஒரு மணி நேரம் அங்கே விட்டால் பிள்ளைகள் ஆசை தீர ஆடிவிடுவார்கள். தீவு நீளவாக்கில் சுமார் 65 கிலோமீட்டர், குறுக்கே 45 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்க்கும்போது ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சில வருடங்களுக்கு முன் என் நாத்தனார் குடும்பம் சேலத்திலிருந்து வந்தபோது ஒரு வேன் பிடித்து, காலையில் பாம்பிள்மூஸ் தோட்டம், மதியம் கங்கா தலாவ் ஏரி, சாயங்காலம் லெ மோர்ன் மலை என்று திட்டம் போட்டேன். தலைநகர் போர்ட் லூயி நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஷமரேல் மலைப்பாதை வளைவுகளில் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். லெ மோர்ன் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மலை எங்கே என்று நாத்தனார் கேட்டார், வானத்தைவிடக் கொஞ்சம் கருப்பாகத் தெரிகிறதே, அதுதான் என்று கை காட்டினேன். அவருக்கு மறுபடி இங்கே வர அமையவே இல்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் கேட்கிற எல்லோரிடமும் ஒரு நாளைக்கு ஒரு திசை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முதல் நாள் போர்ட் லூயி, அதுவும் வார நாளில் காலையிலேயே. ஆப்ரவாசி காட் என்ற பெயரைப் பார்த்து ஏதோ படித்துறை என்று ஏஜென்ட் தள்ளிவிட்டிருப்பார். 1834இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தார்கள். கல்கத்தாவில் ஏறியவர்கள் அதிகம், சென்னைத் துறைமுகத்தில் ஏறிய நம்மவர்களும் நிறைய. அவர்கள் கப்பலை விட்டு இறங்கியதும் ஏறிய பதினாறு கல்படிகள் அங்கே இன்னமும் இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. பார்க்கச் சின்ன இடம்தான், அரை மணியில் சுற்றிவிடலாம், ஆனால் தீவில் வேறெதைப் பார்ப்பதற்கும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பேன். ஏனென்றால் மறுநாளிலிருந்து கரும்புக் காடுகளின் நடுவேதான் போகப் போகிறீர்கள், அங்கே வயலுக்கு நடுவில் கருங்கற்களைக் கோபுரம்போலக் குவித்து வைத்திருப்பது கண்ணில் படும். எரிமலைத் தீவில் மண்ணெல்லாம் கல், அந்தக் கல்லைப் பொறுக்கி எடுத்தால்தான் கரும்பு நட முடியும். முதலில் அடிமைகள் பொறுக்கினார்கள், அப்புறம் படியேறி வந்த இந்தக் கூலிகள் பொறுக்கினார்கள். படியைப் பார்க்காமல் போனால் அது வெறும் கற்குவியல்தான். நீங்கள் வரும் சமயம் கரும்பு பூத்து வெள்ளிக் கதிராக நிற்கும், வண்டியை ஓரம் கட்டி மாமியாருக்கும் காட்டுங்கள்.

பக்கத்திலேயே காடன் துறைமுகப் பகுதியில் புளூ பென்னி மியூசியம். 1847இல் அச்சான மொரீஷியஸ் தபால்தலைகள் அங்கே இருக்கின்றன. நிறம் மங்கிவிடக் கூடாது என்று அசலுக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள், மற்ற நேரம் நகல்தான் கண்ணில் படும். உள்ளே நுழையும்போதே எப்போது விளக்குப் போடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் வடக்கு. பாம்பிள்மூஸ் தோட்டம் முழுவதும் சமதளம், மாமியார் நிதானமாக நடக்கலாம். 1770 வாக்கில் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஜாதிக்காயையும் கிராம்பையும் இங்கே கொண்டுவந்து வளர்த்தார். தாம்பாளம் மாதிரி விளிம்பு மடிந்த ராட்சத அல்லி இலைகளைப் பிள்ளைகள் விட்டு வரமாட்டார்கள். தாளிப்பனையும் இருக்கிறது, பல பத்தாண்டுகள் வளர்ந்து வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துவிட்டு அப்படியே மடியும் மரம் அது. பக்கத்தில் பழைய போ பிளான் சர்க்கரை ஆலையையே மியூசியமாக்கியிருக்கிறார்கள், பெரியவனுக்குப் பிடிக்கும். கேப் மல்லெரோவில் சிவப்புக் கூரை தேவாலயத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

மூன்றாம் நாளை முழுவதுமாகத் தென்மேற்குக்குக் கொடுங்கள். காலையில் க்யூர்பீப்பில் த்ரூ ஓ செர் எரிமலை வாய், விளிம்பு வரை வண்டி போகும். அங்கிருந்து கங்கா தலாவ். அதுவும் ஓர் எரிமலை வாயில் நிறைந்த ஏரிதான், 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து கலந்தபிறகு இந்தப் பெயர் வந்தது. வழியில் 33 மீட்டர் உயரச் சிவன் நிற்பார். ஏரிக்கரையில் பனி இறங்கும், குளிரும், மாமியாருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே மே என்பது குளிர்காலத்தின் தொடக்கம். அப்புறம் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு, சாலையிலிருந்து நாலு எட்டு நடந்தால் காட்சி முனை. பிறகு ஷமரேல் ஏழு நிற மண். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, காலகாலமாக மழையில் மட்கி, கரையக்கூடியது எல்லாம் கரைந்து போய் இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டதால் வந்த நிறங்கள் அவை. வெயில் இருந்தால்தான் நிறம் எடுப்பாகத் தெரியும். வாந்தி வருகிற பிள்ளையை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். மலையிறங்கினால் மேற்குக் கடற்கரை, வெளிச்சம் இருக்கும்போதே லெ மோர்ன்.

நான்காம் நாள் தென்கிழக்கு, மாஹேபூர் பக்கம். 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். கரும்பையும் மானையும் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், டோடோ பறவை அழிந்து போனதும் அவர்கள் காலத்தில்தான். 1810 ஆகஸ்டில் இதே விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின, பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். இப்போது மியூசியமாக இருக்கும் பழைய வீட்டில்தான் இரு பக்கத்துத் தளபதிகளையும் காயத்தோடு கொண்டுவந்து ஒரே கூரையின் கீழ் வைத்து வைத்தியம் பார்த்தார்களாம். அந்த வருடம் முடிவதற்குள் ஆங்கிலேயர்கள் வடக்கே வந்திறங்கித் தீவைப் பிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமையாகப் பார்த்துப் போனால் சந்தையும் உண்டு. ஈல் ஓ செர் தீவுப் படகுச் சுற்றுலாவை விட்டுவிட்டு ஈல் ஓஸ் எக்ரெத் போங்கள் என்பேன். சின்னப் பவளத் தீவு, பழைய கருங்காலிக் காட்டை மறுபடி வளர்த்துக் காப்பாற்றி வருகிறார்கள், இளஞ்சிவப்புப் புறாவையும் ராட்சத ஆமையையும் கூடவே நடந்து வழிகாட்டி காட்டுவார். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பன்னிரண்டு மட்டுமே மிஞ்சியிருந்த புறா அது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

மீதி நாட்களில் எங்கே மனம் நின்றதோ அங்கேயே திரும்பப் போங்கள். தெற்கே கிரி கிரி என்ற இடத்தில் கடலுக்குப் பவளத்திட்டு அரண் கிடையாது, அலை நேராகப் பாறையில் வந்து மோதும். பார்க்கலாம், இறங்கவே கூடாது.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் வருகிறோம். லெ மோர்ன் மலை ஏற முடியுமா? கடலுக்கடியில் இருக்கும் அருவியையும் பார்க்க வேண்டும்.
(டர்பன் வாசகர்)

பதில்: ஏறலாம் தம்பி. 556 மீட்டர் உயரம், உச்சி வரை விடமாட்டார்கள், மேலே சிலுவை நட்டிருக்கும் இடம் வரைதான் வழி. பாதித் தூரம் சாதாரண நடை, அதற்கு மேல் கையை ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும், மழை பெய்திருந்தால் வேண்டவே வேண்டாம். விடியும்போதே கிளம்புங்கள், வழிகாட்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அருவி என்று சொல்வது அருவி இல்லை. பவளத்திட்டின் விளிம்பில் மணலும் வண்டலும் ஆழத்துக்குச் சரிவதால் மேலிருந்து பார்க்க அப்படித் தோன்றுகிறது. ஹெலிகாப்டரில் போனால்தான் தெரியும், படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

ஏறுவதற்கு முன் இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை இது. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து மேலிருந்து குதித்துவிட்டார்கள் என்பது இங்கே வாய்வழியாக வரும் கதை. அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் குடும்பங்களுக்கு இது கோயில் மாதிரியான இடம், 2008இல் உலக மரபிடமானது. மேலே போய்ப் பாட்டுப் போட்டுக் கத்தாதீர்கள். அடிவாரத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது, இறங்கி வந்ததும் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

கேள்வி: ஜனவரியில் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது, வரலாமா?
(கிள்ளான் வாசகர்)

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை ஏறும், மூன்று வந்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குள்தான். புயல் இல்லாத நாட்களில் பச்சையும் அருவியும் அழகுதான், தைப்பூசமும் அந்தச் சமயத்தில்தான் வரும், அன்று இங்கே அரசு விடுமுறை. இரண்டு நாள் வீணானாலும் பரவாயில்லை என்றால் வாருங்கள். மற்றபடி செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்லது.

கேள்வி: சைவம் கிடைக்குமா அக்கா?
(ஈரோடு வாசகி)

பதில்: தாராளமாக. தெருவோரம் தால் பூரி, பரோட்டாவை ஃபராத்தா என்பார்கள், நம் பருப்பு வடைக்கு இங்கே காத்தோ பிமான் என்று பெயர். முருங்கைக்கீரைக்கு ப்ரெட் முரூம், ரசத்துக்கு ரஸோன். யாராவது ஏழு கறி விருந்துக்கு, அதாவது காவடி முடிந்து வாழையிலையில் போடும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள்.

கேள்வி: என் கணவரின் மாமா மதுரையிலிருந்து வருகிறார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி கப்பலேறி இங்கே வந்தாராம், தேட முடியுமா என்று கேட்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குக் கிரியோல்தான் ஓடுகிறது, தமிழ் கொஞ்சம்தான். மாமா என்ன நினைப்பாரோ என்றும் இருக்கிறது.
(ரோஸ் ஹில் வாசகி)

பதில்: ஒன்றும் நினைக்கமாட்டார். முதல் நாளே கையில் ஒரு ரூபாய் நோட்டைக் கொடுங்கள், அதில் தமிழ் இருக்கிறது. 1998இல் வந்த புது நோட்டில் இந்தியைத் தமிழுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள் என்று நம்மவர்கள் எதிர்த்து நின்று, அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்த கதையைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள், கிரியோலில் சொன்னாலும் நீங்கள் மொழிபெயர்க்கலாம். அப்புறம் காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், படியேறி நின்று கீழே ஊரைப் பார்க்கட்டும்.

தேடுவதற்கு மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட் போக வேண்டும். ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், கப்பல், வந்த வருடம், பலருக்குப் புகைப்படம்கூட. ஆனால் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், வந்தவரின் பெயரே பிறகு குடும்பப் பெயராகவும் மாறிவிட்டது, அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் திணறிப்போவீர்கள். மாமா விமானம் ஏறுவதற்கு முன்பே கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர், ஊர், அப்போதைய தாலுகா, எந்த வருடம் போனதாகச் சொல்வார்கள் என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒரே நாளில் கிடைத்துவிடாது. அவர் இறங்குவதற்கு முன்பே நீங்கள் ஒரு முறை மோக்காவுக்குப் போய் விண்ணப்பித்து வைத்துவிடுங்கள்.