கேளுங்கள், சொல்கிறோம்: சென்னை மாநகரப் பேருந்து

கேள்வி: பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்துக்காக அரை மணி நேரம் காத்திருந்தால், கடைசியில் மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. புறப்படும்போதே இடைவெளி விட்டு அனுப்பக் கூடாதா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: இடைவெளி விட்டுத்தான் அனுப்புகிறார்கள். 29சி புறப்படும் பெரம்பூரில் நேரக் காப்பாளர் குறித்துக் கொடுக்கும் நேரத்தை ஒட்டித்தான் வண்டிகள் கிளம்புகின்றன. அந்த இடைவெளி குலைவது வழியில். அதற்கு ஓட்டுநரின் சோம்பலோ, தேநீர்க் கடையோ காரணமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி புரசைவாக்கத்து நெரிசலில் சிக்கி மூன்று நிமிடம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்பது பத்து நிமிடக் கூட்டமல்ல, பதின்மூன்று நிமிடக் கூட்டம். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் சிறிது நேரம் போகும். அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் மேலும் பெருகியிருக்கும். நம் ஊரில் இதோடு சீட்டுக் கொடுக்கும் வேலையும் சேர்கிறது. படியில் தொங்குபவர்கள் வரை வண்டி நிறைந்துவிட்டால் நடத்துநரால் உள்ளே நகர முடியாது. ஸ்டேஜ் (கட்டணம் மாறும் எல்லை) முடிவதற்குள் அனைவருக்கும் சீட்டுக் கொடுத்தாக வேண்டும் என்பதால், விசில் கொடுத்து வண்டியை ஓரங்கட்டச் செய்துவிட்டு, தலைகளுக்கு மேலே கைமாறி வரும் காசை வாங்கிச் சீட்டும் சில்லறையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார். இதற்குள் பின்னால் வரும் வண்டிக்கு நிறுத்தங்களில் ஆளே இருக்காது. நிற்க வேண்டிய தேவை குறைந்துவிட்டதால் அது விரைவாக வந்து முதல் வண்டியைப் பிடித்துவிடும், மூன்றாவதும் அப்படியே. சிறு தாமதம் தானாகச் சரியாவதில்லை, போகப் போக வளரவே செய்யும் என்பதை 1964ஆம் ஆண்டிலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இதனால் பயணிக்கு நேரும் இழப்பு சிறியதல்ல. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வண்டிகள் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே வண்டிகள் அரை மணிக்கு ஒருமுறை மூன்றாகச் சேர்ந்து வந்தால் சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம் ஆகிவிடும். ஒரு வண்டிகூடக் குறையவில்லை, ஒரு லிட்டர் டீசல்கூட மிச்சமாகவில்லை. காத்திருப்பு மட்டும் மும்மடங்காகிறது. ஆகவே, 'கூடுதல் பேருந்து விடுக' என்று எழுதும் வாசகர்களிடம், இருக்கும் பேருந்துகளைச் சீராக விடச் சொல்லி முதலில் கேளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். முந்தி வந்துவிட்ட வண்டியை ஜெமினி போன்ற நடுவழி நிறுத்தமொன்றில் இரண்டு நிமிடம் பிடித்து வைப்பது இதற்குப் பழைய வழி. ஆனால் உள்ளே இருப்பவர்கள் 'வண்டியை எடுப்பா' என்று குரல் கொடுக்காமல் இருக்க வேண்டுமே! வண்டிகளின் இருப்பிடத்தை ஜிபிஎஸ் காட்டும் இக்காலத்தில் இதைக் கட்டுப்பாட்டு அறைக்குள் இருந்தபடியே செய்ய முடியும். நெரிசலான சாலைகளில் பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கினால், தாமதம் தொடங்கும் இடமே குறையும். அதுவரை, இரண்டு வண்டிகள் சேர்ந்து வரும்போது பின்னதில் ஏறுங்கள். பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

கேள்வி: என் தந்தை மாநகரப் பேருந்தை இன்றும் 'பல்லவன்' என்றே சொல்கிறார். அந்தப் பெயரை ஏன் எடுத்தார்கள்?
- வாசகர், ஆவடி

பதில்: பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்டது, அதற்குமுன் நகரப் பேருந்துகளை அரசுத் துறையே நேரடியாக இயக்கிவந்தது. 1994இல் வடசென்னைப் பகுதி பிரிக்கப்பட்டு, டாக்டர் அம்பேத்கர் பெயரில் தனிக் கழகமானது. 1997இல் தென்மாவட்டத்தில் அமைந்த புதிய கழகத்துக்குக் கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டிச் சாதி மோதல்கள் வெடித்தன. அதன் விளைவாக, மாவட்டங்களோடு போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. எந்தச் சண்டையிலும் இல்லாத பல்லவனும் அந்த வரிசையில் போனார். இரண்டாக இருந்த சென்னைக் கழகங்கள் 2001இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன.

கேள்வி: கட்டணமே இல்லை என்றான பிறகு, பெண்களுக்கு நடத்துநர் எதற்காகச் சீட்டுக் கொடுக்கிறார்? வீண் காகிதம் அல்லவா?
- வாசகி, தாம்பரம்

பதில்: வீண் அல்ல. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடைமுறையில் உள்ளது. நீங்கள் கொடுக்காத கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாக ஈடுசெய்கிறது; தொடக்கத்தில் மாநிலம் முழுமைக்கும் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்பதற்கு அந்தச் சீட்டே கணக்கு. எங்களுக்கு முக்கியமாகப் படும் இன்னொரு காரணமும் உண்டு: சீட்டு இல்லாவிட்டால் அந்தத் தடத்தின் கணக்கில் நீங்கள் பயணம் செய்ததாகவே பதிவாகாது, நிறைந்து வழியும் வண்டியும் ஏட்டில் காலி வண்டியாகவே தெரியும். ஆகையால் கூட்டத்தில் நடத்துநர் மறந்துவிட்டாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் இச்சலுகை உண்டு. விரைவு, சொகுசுப் பேருந்துகளில் இது செல்லாது என்பதால், ஏறுவதற்கு முன் பலகையைப் பார்த்துக்கொள்வது நல்லது.